பழைய தட்டச்சு மென்பொருளை வைரஸ் என்கிறது டிஃபெண்டர்: நம்புவதா, விடுவதா?

எழுதியவர்: கெடிலக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்)

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் மனு தட்டச்சு செய்து தருவது, நகல் எடுப்பது, திருமண அழைப்பிதழ் வடிவமைப்பது ஆகியவற்றுக்காக ஒரு சிறு கடையைப் பதினாறு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் என்பதால் அன்று காலை எட்டு மணிக்கே வாசலில் ஆட்கள் நிற்பார்கள். கடையில் இரண்டு கணினிகள் உள்ளன. ஒன்று விண்டோஸ் 7 உள்ள பழையது. வாடிக்கையாளர்களும் அதில்தான் உட்காருவார்கள். மற்றொன்று போன மாதம் வாங்கிய விண்டோஸ் 11 ஹோம். என் வங்கிக் கணக்கையும் மின்கட்டணம் செலுத்தும் வேலையையும் இதற்கு மாற்றிவிட்டேன்.

நான் தட்டச்சு நிலையத்தில் பழகியவன் என்பதால் பழைய தட்டச்சுப்பொறி விசைமுறையில்தான் கை ஓடும். அதற்கென்று ஒரு தமிழ்த் தட்டச்சு மென்பொருளை ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்துகிறேன். அதை உருவாக்கியவர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள், அவர்களுடைய இணையத்தளமும் இப்போது இல்லை. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாறிவிடுங்கள் என்று சொல்வீர்கள் என்பது தெரியும். ஆனால் என்னிடமுள்ள ஆயிரக்கணக்கான பழைய மனுக்களும் பத்திர மாதிரிகளும் அந்த எழுத்துருவில்தான் கிடக்கின்றன.

அந்த மென்பொருளின் நிறுவல் கோப்பு ஒரு பென்டிரைவில் உள்ளது. புதிய கணினியில் அதைச் செருகியதும், விண்டோஸிலேயே உள்ள வைரஸ் தடுப்பு நிரலான டிஃபெண்டர் "டிரோஜன்: வின்32/வாக்காடாக்.பி!எம்எல்" என்று ஒரு பெயரைக் காட்டி, கோப்பைத் தனிமைப்படுத்திவிட்டது. யூடியூபில் ஒருவர் சொல்லிக் கொடுத்தபடி, அந்தப் பென்டிரைவின் இ டிரைவ் முழுவதையும் டிஃபெண்டர் சோதிக்காமல் விட வேண்டியவற்றின் விலக்குப் பட்டியலில் சேர்த்துக் கோப்பை மீட்டுவிட்டேன். ஆனால் இரட்டைச் சொடுக்கு செய்யும் நேரத்தில் மனம் ஒப்பாமல் நிறுத்திவிட்டேன். பிறகு வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்த்ததில், 71 சோதனை இயந்திரங்களில் 6 மட்டும் வைரஸ் என்கின்றன, மற்ற 65 ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆறும் ஆளுக்கொரு பெயர் சொல்கின்றன.

கணினி பழுதுபார்க்கும் தம்பியைக் கேட்டால், "பழைய சாஃப்ட்வேர் எல்லாம் இப்படித்தான் காட்டும், தைரியமாகப் போடுங்கள்" என்கிறார். கல்லூரியில் படிக்கும் என் மகள், ஒன்று சொன்னாலும் வைரஸ் வைரஸ்தான் என்கிறாள். 65 பேர் சொல்வதை நம்புவதா, 6 பேர் சொல்வதை நம்புவதா என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

இன்னொரு சிறு சந்தேகமும் உண்டு. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்காது என்றே நினைக்கிறேன். அதே பென்டிரைவில் "மனு 2023" என்ற கோப்புறை, பழைய கணினியில் சில வாரங்களாகத் திறக்கத் தாமதமாகிறது. அதன் பெயருக்கு எதிரே 1,124 கேபி என்று அளவும் காட்டுகிறது. பென்டிரைவ் பழுதாகிக்கொண்டு வருகிறதா?

---

எழுதியவர்: முத்தியால்பேட்டை வாசகன் (புதுச்சேரி)

வணக்கம் ஐயா. இரட்டைச் சொடுக்கு செய்யாமல் நிறுத்தினீர்களே, அதுவே பாதி வேலை. நான் புதுச்சேரியில் ஒரு பள்ளியின் கணினிக் கூடத்தைப் பராமரிக்கிறேன், இந்தக் குழப்பம் எனக்கு மாதம் ஒருமுறையாவது வரும். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வைரஸ்டோட்டல் தரும் எண்ணைத் தேர்தல் முடிவைப் போல வாசிக்கக் கூடாது. 2004-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் தொடங்கி, 2012-இல் கூகுள் வாங்கிய அந்தத் தளம், ஏறத்தாழ எழுபது நிறுவனங்களின் சோதனை இயந்திரங்களிடம் ஒரே கோப்பைக் கொடுத்து அவை சொல்வதை அப்படியே அடுக்கிக் காட்டுகிறது. தானாக எந்தத் தீர்ப்பும் அது சொல்வதில்லை. அந்த இயந்திரங்களில் சில, பக்கத்து நிறுவனத்தின் இயந்திரத்தையே உரிமம் பெற்று உள்ளே வைத்திருப்பவை. ஆகவே ஆறில் மூன்று ஒரே பெயரை எழுத்து மாறாமல் சொன்னால், ஒரே சாட்சி மூன்று முறை பேசியதாகத்தான் கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள்: இன்று காலை எழுதப்பட்ட புத்தம்புதிய வைரஸை மாலையில் ஏற்றினால் எழுபதும் மௌனமாக இருக்கக்கூடும். பூஜ்ஜியம் வந்துவிட்டது என்பதற்காகக் கோப்பு நல்லதாகிவிடாது.

எத்தனை பேர் சொன்னார்கள் என்பதைவிட என்ன பெயர் சொன்னார்கள் என்பது முக்கியம். டிஃபெண்டர் சொன்ன பெயரின் வாலில் "எம்எல்" என்று இருக்கிறதல்லவா, அது இயந்திரக் கற்றலைக் குறிப்பது. இந்தக் கோப்பை ஒருவர் அலசி ஆராய்ந்து பெயர் வைக்கவில்லை, பார்வைக்கு வைரஸ் போலத் தெரிகிறது என்று கணக்கு சொல்கிறது, அவ்வளவே. "ஜெனரிக்", "ஹியூரிஸ்டிக்", "சஸ்பிஷியஸ்" என்று தொடங்கும் பெயர்களும் இதே இனம்தான். மாறாக, நாற்பது ஐம்பது இயந்திரங்கள் சேர்ந்து "சாலிட்டி" என்றோ "ரேம்நிட்" என்றோ ஒரே வைரஸ் குடும்பத்தின் பெயரைச் சொன்னால், அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் இந்தச் சந்தேகத்தில் அடிக்கடி சிக்குவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. நீங்கள் எந்தச் சாளரத்தில் எழுதினாலும், ஒவ்வொரு விசையழுத்தமும் அந்தச் சாளரத்துக்குப் போய்ச் சேரும் முன்பே அதை இடைமறித்துத் தமிழ் எழுத்தாக மாற்றித் தருவதுதான் அவற்றின் வேலை. கடவுச்சொல் திருடும் விசைப்பதிவு வைரஸும் விண்டோஸிடம் அதே வசதியைத்தான் கேட்கிறது. வாசலில் நின்று வருகிற கடிதத்தையெல்லாம் வாங்கிப் பார்க்கிறவன் தபால்காரனா திருடனா என்பது, அவன் அதை அப்புறம் என்ன செய்கிறான் என்பதைப் பார்த்தால்தான் தெரியும். வெளியிலிருந்து பார்க்கும் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும். அக்காலத்தில் கோப்பின் அளவைக் குறைக்க யுபிஎக்ஸ் போன்ற கருவிகளால் சுருக்கி வெளியிட்டிருந்தால் சந்தேகம் இன்னும் கூடும், ஏனென்றால் வைரஸ் எழுதுகிறவர்களும் அப்படித்தான் சுருக்கி மறைக்கிறார்கள்.

இவ்வளவும் "இருக்கலாம்" என்ற அளவில்தான். உங்கள் கையில் இருக்கும் கோப்பு, உருவாக்கியவர் வெளியிட்ட அதே கோப்புதானா, அல்லது நடுவில் யாரோ எதையோ ஒட்டித் திருப்பிவிட்ட கோப்பா என்பதைத்தான் நாம் உறுதிசெய்ய வேண்டும். அதற்கு எஸ்எச்ஏ-256 என்ற கைரேகை உதவும். விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லைத் திறந்து, கெட்-ஃபைல்ஹேஷ் என்ற கட்டளையுடன் கோப்பின் பெயரைக் கொடுத்தால் 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரம் வரும். கோப்பில் ஒரே ஒரு பைட் மாறியிருந்தாலும் அந்தச் சரம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். உருவாக்கியவரின் தளம் இல்லாததால் ஒப்பிட மூலச் சரம் கிடைக்காது. ஆனால் உங்களிடமோ வேறொருவரிடமோ பழைய சி.டி. ஏதாவது இருந்தால் அதிலுள்ள கோப்புடன் ஒப்பிடலாம். எழுதி மூடிய சி.டி.யில் பின்னாளில் எந்த வைரஸும் புகுந்து எழுத முடியாது.

வைரஸ்டோட்டல் பக்கத்தில் "டீட்டெயில்ஸ்" என்ற பிரிவில், இந்தக் கோப்பு அந்தத் தளத்துக்கு முதன்முதலில் எப்போது வந்தது என்ற தேதியும் இருக்கும். பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய மென்பொருள் என்று சொல்லிக்கொள்ளும் கோப்பு, நீங்கள் ஏற்றிய நாளில்தான் முதன்முதலாக உலகுக்குத் தெரிய வந்தது என்றால் எச்சரிக்கையாக இருங்கள். அது 2010-ஐ ஒட்டியே வந்து, இத்தனை காலத்துக்குப் பிறகும் ஆறு இயந்திரங்கள் மட்டும் பொதுப்பெயர் சொல்லி முணுமுணுக்கின்றன என்றால் அது ஆறுதலான செய்தி.

கடைசியாக ஒன்று. அந்தத் தளத்தில் ஏற்றும் கோப்பு அங்கேயே தங்கும். பாதுகாப்பு நிறுவனங்களும் கட்டணம் செலுத்தும் ஆய்வாளர்களும் அதை இறக்கிப் பார்க்கலாம். நிறுவல் கோப்பை ஏற்றியதில் தவறில்லை, ஆனால் வாடிக்கையாளரின் ஆதார் நகலோ மனுவோ உள்ள கோப்பை ஒருபோதும் ஏற்றாதீர்கள். எங்கள் ஊரில் பிரெஞ்சு ஓய்வூதியர்களின் உயிர்வாழ்வுச் சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்பும் கடைக்காரர் ஒருவர், வைரஸ் இருக்குமோ என்ற பயத்தில் ஒரு மாதத்துச் சான்றிதழ்களை மொத்தமாகச் சுருக்கி அங்கே ஏற்றப் போனார், நல்லவேளையாக இணைய இணைப்பு நடுவில் அறுந்தது. கோப்பை ஏற்றாமல், 64 எழுத்துச் சரத்தை மட்டும் அங்குள்ள தேடல் பெட்டியில் ஒட்டித் தேடலாம்; யாராவது முன்பே ஏற்றியிருந்தால் முடிவு வந்துவிடும்.

---

எழுதியவர்: நெல்லிக்குப்பத்தான்

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. உருவாக்கியவரின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று கோப்பின் பண்புகளில் பாருங்கள். இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் அழித்துவிட்டு விண்டோஸ் 11-லேயே உள்ள தமிழ்99 விசைப்பலகைக்கு மாறிவிடுங்கள். பத்து நாளில் கை பழகிவிடும். பென்டிரைவையும் ஃபார்மேட் செய்துவிட்டால் இரண்டாவது சந்தேகமும் தீர்ந்துவிடும்.

---

எழுதியவர்: வில்லியனூர் சோதனையாளன்

கெடிலக்கரை ஐயா, பென்டிரைவை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். "மனு 2023" கோப்புறையை இனி எந்தக் கணினியிலும் திறக்காதீர்கள். மற்றதை அடுத்துச் சொல்கிறேன்.

நெல்லிக்குப்பத்து நண்பர் சொன்ன கையொப்பச் சோதனை நல்லதுதான், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. நம் ஊரில் ஒருவர் இருவராக உட்கார்ந்து எழுதிய தமிழ் மென்பொருள்களில் பல கையொப்பம் இல்லாதவை. கையொப்பமிடத் தேவையான சான்றிதழை ஆண்டுதோறும் பணம் கொடுத்து வாங்க வேண்டும், இலவசமாக மென்பொருள் கொடுத்தவர்கள் அதற்கு எங்கே போவார்கள்? கையொப்பம் உள்ளவை எல்லாம் நல்லவையும் அல்ல. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், தைவானைச் சேர்ந்த இரண்டு வன்பொருள் நிறுவனங்களிடமிருந்து களவாடிய சான்றிதழ்களால் கையொப்பமிட்டு வந்தது. 2017-இல் சிசிளீனர் என்ற புகழ்பெற்ற கருவியின் ஒரு பதிப்பு, அதன் சொந்தத் தளத்திலிருந்தே, முறையான கையொப்பத்தோடு, உள்ளே தீநிரலைச் சுமந்துகொண்டு இலட்சக்கணக்கானவர்களைச் சென்றடைந்தது.

முத்தியால்பேட்டை நண்பரின் விளக்கம் மிகச் சரி. தட்டச்சு மென்பொருளைப் பற்றிய கவலையை அவரிடமே விட்டுவிடலாம். நீங்கள் தொடர்பு இருக்காது என்று கடைசியில் எழுதிய நான்கு வரிகள்தான் எனக்குத் திகிலைத் தருகின்றன. விண்டோஸின் கோப்புப் பட்டியலில் கோப்புறைக்கு எதிரே அளவு காட்டப்படுவதே இல்லை. "அளவு" என்ற பத்தி கோப்புறைகளுக்கு எப்போதும் வெற்றாகவே இருக்கும். உங்கள் "மனு 2023"-க்கு எதிரே 1,124 கேபி என்று இருக்கிறதென்றால் அது கோப்புறையே அல்ல. அதே வரிசையில் "வகை" என்ற பத்தியைப் பாருங்கள். மற்ற கோப்புறைகளுக்கு "ஃபைல் ஃபோல்டர்" என்றும், இதற்கு மட்டும் "அப்ளிகேஷன்" (அதாவது இயங்கும் நிரல்) என்றும் இருக்கும் என்பது என் ஊகம்.

பென்டிரைவ் வழியாகத் தன்னைத்தானே நகலெடுத்துப் பரவும் ஒருவகைத் தீநிரலின், அதாவது புழுவின், பழைய தந்திரம் இது. உங்கள் உண்மையான கோப்புறைக்கு "மறைந்தது", "கணினி அமைப்புக்குரியது" என்ற இரண்டு அடையாளங்களையும் போட்டுக் கண்ணில் படாமல் செய்துவிடும். அதன் இடத்தில், அதே பெயரில், மஞ்சள் கோப்புறைப் படத்தையே சின்னமாக ஒட்டிக்கொண்டு தன் நகலை வைக்கும். ஒரு நிரல் கோப்பு எந்தப் படத்தை வேண்டுமானாலும் சின்னமாக வைத்துக்கொள்ளலாம், விண்டோஸ் அதைத் தடுக்காது. பெயரின் முடிவில் உள்ள "புள்ளி இஎக்ஸ்இ" என்ற, நிரல் கோப்பைக் குறிக்கும் பின்னொட்டை விண்டோஸ் இயல்பாகவே மறைத்துவிடுவதால் வேடம் முழுமையாகிவிடுகிறது. நீங்கள் இரட்டைச் சொடுக்கு செய்ததும் அது முதலில் தன்னைக் கணினியில் நிறுவிக்கொள்ளும், பிறகு மறைத்து வைத்த உண்மையான கோப்புறையைத் திறந்து காட்டும். மனுக்கள் எல்லாம் உள்ளே பத்திரமாக இருப்பதைப் பார்த்து நீங்களும் வேலையைத் தொடர்வீர்கள். "திறக்கத் தாமதமாகிறது" என்று எழுதினீர்களே, அந்தத் தாமதத்தில் அது தன் வேலையை முடித்திருக்கும்.

அப்படியானால் புதிய கணினியின் டிஃபெண்டர் ஏன் இதைப் பற்றிப் பேசவில்லை என்று கேட்பீர்கள். இ டிரைவ் முழுவதையும் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டீர்களே, பிறகு அது எப்படிப் பேசும்? அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. அந்த விலக்கு உங்கள் பென்டிரைவுக்கு மட்டுமானதல்ல, "இ" என்ற எழுத்துக்கானது. நாளை எந்த வாடிக்கையாளர் எந்தப் பென்டிரைவைச் செருகினாலும், அது இ என்ற எழுத்தில் வந்து நின்றால் சோதனை இல்லாமல் உள்ளே வரலாம். முதலில் அந்த விலக்கை நீக்குங்கள்.

என் ஊகம் சரியா என்று ஆபத்தில்லாமல் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஓடிஜி இணைப்பான் வழியாகப் பென்டிரைவை உங்கள் ஆண்ட்ராய்டு செல்பேசியில் செருகுங்கள். விண்டோஸ் நிரல் அங்கே இயங்காது, பின்னொட்டும் மறையாது. "மனு 2023" என்ற பெயர் இரண்டு முறை தெரிந்து, அவற்றில் ஒன்றின் வால் இஎக்ஸ்இ என்று இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. பின்னொட்டைக் கண்ணால் பார்க்கும் பழக்கத்திலும் ஒரு பொறி உண்டு: பெயரின் நடுவே, இனி வலமிருந்து இடமாக எழுது என்று சொல்லும் கண்ணுக்குத் தெரியாத குறியைச் செருகி, இஎக்ஸ்இ கோப்பைப் பிடிஎஃப் போலக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் பெயரைவிட "வகை" பத்தியை நம்பச் சொல்கிறேன்.

பழைய விண்டோஸ் 7 கணினியில் தொடக்க நிரல்களின் பட்டியலைப் பார்த்து இங்கே எழுதுங்கள். எம்எஸ்கான்ஃபிக் என்று தட்டினால் வரும் சாளரத்தில் "ஸ்டார்ட்அப்" என்ற பிரிவு இருக்கும். ஒவ்வொரு வரியிலும் நிறுவனத்தின் பெயரும், நிரல் எந்த இடத்திலிருந்து ஓடுகிறது என்பதும் தெரியும். அதுவரை அந்தக் கணினியின் இணையக் கம்பியைப் பிடுங்கி வையுங்கள்.

---

எழுதியவர்: கெடிலக்கரை

இரண்டு நாள் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். திங்கட்கிழமைக் கூட்டம் முடிந்த பிறகுதான் உட்கார முடிந்தது.

வில்லியனூர் நண்பர் சொன்னது ஒன்று விடாமல் உண்மையாகிவிட்டது. செல்பேசியில் செருகிப் பார்த்தபோது "மனு 2023" மட்டுமல்ல, "பத்திரம்", "அழைப்பிதழ்", "வருமானச் சான்று" என்று என் எல்லாக் கோப்புறைகளும் இரண்டிரண்டாகத் தெரிந்தன, ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கு வால் இருந்தது. நான்கும் ஒரே அளவு. நான்கு வெவ்வேறு கோப்புறைகள் 1,124 கேபி என்ற ஒரே அளவில் இருக்குமா என்று இத்தனை வாரமாக எனக்குத் தோன்றவே இல்லை.

பழைய கணினியின் தொடக்கப் பட்டியலில் பதினொரு வரிகள் இருந்தன. பத்தில் அச்சுப்பொறி, ஒலி என்று நிறுவனப் பெயர்கள் இருந்தன, பதினோராவதில் "தெரியாது" என்று இருந்தது. நிரலின் பெயரை முதலில் "எஸ்விசிஹோஸ்ட்" என்றே வாசித்தேன், அது விண்டோஸின் சொந்த நிரல் என்று எங்கோ படித்த நினைவும் வந்தது. என் மகள்தான் விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினாள்: அது "எஸ்சிவிஹோஸ்ட்". வி, சி என்னும் இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருந்தன. இருந்த இடமும் விண்டோஸின் சிஸ்டம்32 அல்ல, பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங்.

புதிய கணினியில் இ டிரைவ் விலக்கை நீக்கிவிட்டுப் பென்டிரைவைச் செருகியதும், டிஃபெண்டர் அந்த நான்கு போலிக் கோப்புறைகளையும் ஒரே மூச்சில் பிடித்துத் தனிமைப்படுத்திவிட்டது. இம்முறை சொன்ன பெயரில் "எம்எல்" இல்லை, "வொர்ம்" (புழு) என்று தெளிவாகவே இருந்தது. அவற்றை நான் இந்தக் கணினியில் ஒருமுறையும் திறக்கவில்லை. இருந்தாலும் டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனையை ஓட்டினேன். கணினி தானே மறுதொடக்கமாகிக் கால் மணி நேரம் சோதித்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றது.

தட்டச்சு மென்பொருளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தானே புயலில் கடைக்குள் தண்ணீர் வந்து பழைய கணினி ஒன்று வீணான பிறகு, இனி எதையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்று 2012 பொங்கலுக்கு முன் எல்லாவற்றையும் சி.டி.யில் எழுதி வைத்தேன். பரணில் கிடந்தது. புதிய கணினியில் சி.டி. செருக இடமில்லை, பழையதில் போடவும் பயம். லாரன்ஸ் சாலையில் புகைப்பட நிலையம் வைத்திருக்கும் நண்பரிடம் யுஎஸ்பி சி.டி. டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி வந்து பார்த்தேன். சி.டி.யில் உள்ள கோப்பின் சரமும் பென்டிரைவில் உள்ளதன் சரமும் அறுபத்து நான்கு எழுத்தும் ஒன்றாகவே உள்ளன. வைரஸ்டோட்டலில் முதலில் வந்த ஆண்டு 2009 என்று இருக்கிறது. ஆறு இயந்திரங்கள் சொன்ன பெயர்களில் ஐந்து "ஜெனரிக்" வகையைச் சேர்ந்தவை, ஒன்று "கீலாகர்" என்கிறது.

இனி அதை நிறுவலாமா? பழைய கணினியில் "எஸ்சிவிஹோஸ்ட்" கோப்பை மட்டும் அழித்தால் போதுமா?

---

எழுதியவர்: முத்தியால்பேட்டை வாசகன்

சி.டி.யைப் பத்திரப்படுத்திய உங்கள் முன்யோசனைக்கு வணக்கம். சரம் ஒன்றாக இருப்பதால் 2012-க்குப் பிறகு அந்தக் கோப்பில் யாரும் கை வைக்கவில்லை என்பது உறுதி. அதற்கு முன்பே அது கெட்டுப் போயிருக்கவில்லை என்பதை இது மட்டும் சொல்லிவிடாது. ஆனால் 2009-இலிருந்தே அத்தனை இயந்திரங்களும் பார்த்துவிட்டு ஒரு குடும்பப் பெயரையும் சூட்டவில்லை என்பதையும், நீங்கள் இத்தனை ஆண்டுகளாகப் பயன்படுத்தியதையும் சேர்த்துப் பார்த்தால், நானாக இருந்தால் நிறுவுவேன். "கீலாகர்" என்று சொன்ன இயந்திரம் பொய் சொல்லவில்லை, விசையை இடைமறிக்கிறது என்று தான் கண்டதைச் சொல்லியிருக்கிறது. நிறுவும்போது டிரைவ் முழுவதையும் விலக்காமல், சி.டி.யிலிருந்து எடுத்த அந்த ஒரு கோப்பையும், நிறுவிய பின் அதன் முதன்மை நிரலையும் மட்டும் அனுமதியுங்கள். அந்த மென்பொருளுக்கு இணையத்தில் எந்த வேலையும் இல்லை. ஆகவே இணையப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் விண்டோஸ் ஃபயர்வாலில் அது வெளியே பேசக் கூடாது என்று ஒரு விதி போட்டுவிட்டால், நம் கணிப்பு தவறாகவே இருந்தாலும் அது எதையும் யாருக்கும் எளிதில் அனுப்ப முடியாது.

பழைய கணினி வேறு கதை. ஒரு கோப்பை அழித்தால் போதும் என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் கண்ணில் பட்டது அந்த ஒன்றுதான். விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில், வாரக்கணக்கில் ஓடிய புழு இன்னும் எவற்றையெல்லாம் அழைத்து வந்து உட்கார வைத்தது என்று தேடுவதைவிட, வட்டை முழுவதுமாக அழித்து மறுபடி நிறுவுவதே நேரத்தை மிச்சப்படுத்தும். இந்த இடத்தில் நெல்லிக்குப்பத்து நண்பரோடு உடன்படுகிறேன். மனு, படம், அழைப்பிதழ் போன்ற ஆவணங்களை மட்டும் வெளியே எடுங்கள், இஎக்ஸ்இ என்று முடியும் எதையும், குறுக்குவழிக் கோப்பு எதையும் எடுக்காதீர்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா மையத்தின் தளத்தில் இலவச நீக்கக் கருவிகள் கிடைக்கும், எடுத்த ஆவணங்களை அவற்றில் ஒன்றாலும் ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம்.

புதிய கணினி வாங்கும் முன், வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் பழையதில்தானே திறந்துகொண்டிருந்தீர்கள்? அப்படியானால் இன்றே கடவுச்சொற்களை மாற்றுங்கள், மாற்றுவதைச் செல்பேசியிலோ புதிய கணினியிலோ செய்யுங்கள். மின்னஞ்சலை முதலில் மாற்றுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளின் மீட்பு வழியும் அதன் வழியாகத்தான் போகிறது. "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்ற பொத்தானையும் அழுத்த மறக்காதீர்கள்; உலாவி நினைவில் வைத்திருக்கும் நுழைவுச் சீட்டு திருடு போயிருந்தால், கடவுச்சொல்லை மாற்றுவது மட்டும் சில தளங்களில் போதாது. கணக்கில் பணம் குறைந்திருப்பது தெரிந்தால் 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணை உடனே அழையுங்கள், வங்கிக்கு நேரில் போய் நிற்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

---

எழுதியவர்: கெடிலக்கரை

மின்னஞ்சல், வங்கி இரண்டின் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன். கணக்கில் எதுவும் குறையவில்லை. பழைய கணினியைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அழித்து நிறுவப் போகிறேன். தட்டச்சு மென்பொருள் புதியதில் ஓடுகிறது, ஃபயர்வால் விதியும் போட்டாகிவிட்டது.

மனத்தை உறுத்துவது ஒன்றுதான். இந்த வாரங்களில் எத்தனை பேருடைய பென்டிரைவைப் பழைய கணினியில் செருகியிருப்பேன் என்று கணக்கே இல்லை. நெல்லிக்குப்பம், பண்ருட்டியிலிருந்தெல்லாம் வருகிறவர்கள். அவர்களிடம் சொன்னால் கடையின் பெயர் கெடும், சொல்லாவிட்டால் அவர்கள் வீட்டுக் கணினி கெடும்.

---

எழுதியவர்: வில்லியனூர் சோதனையாளன்

சொல்லிவிடுங்கள் ஐயா. புழு உங்கள் கடைக்கும் யாரோ ஒருவருடைய பென்டிரைவில்தான் வந்திருக்கும், எனவே இதில் உங்கள் மீது பழி போட யாருக்கும் வாயில்லை. கல்லாவுக்கு மேலே ஒரு தாளில் இப்படி எழுதி ஒட்டுங்கள்: "கடந்த இரண்டு மாதங்களில் இங்கே பென்டிரைவ் கொடுத்தவர்கள், கோப்புறையைத் திறக்கும் முன் அதற்கு எதிரே அளவு காட்டுகிறதா என்று பார்க்கவும். காட்டினால் திறக்காமல் எங்களிடம் கொண்டு வரவும், இலவசமாகச் சரிசெய்து தருவோம்."

அப்படிக் கொண்டு வருகிறவர்களுக்குச் செய்ய வேண்டியது மிகக் குறைவு. புதிய கணினியில் செருகினால் போலிகளை டிஃபெண்டரே பிடித்துக்கொள்ளும். அதன்பின் பென்டிரைவ் காலியாக இருப்பதுபோலத் தோன்றும், பயப்பட வேண்டாம். கட்டளைச் சாளரத்தில் அட்ரிப் என்ற கட்டளையால் "மறைந்தது", "கணினி அமைப்புக்குரியது" என்ற இரண்டு அடையாளங்களையும் எடுத்துவிட்டால் உண்மையான கோப்புறைகள் அப்படியே திரும்பி வரும். உங்கள் பென்டிரைவிலும் இதையே முதலில் செய்து பாருங்கள், "மனு 2023" உள்ளே எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பிறகு ஃபார்மேட் செய்யலாம்.